துரு தட்டும் சுத்தியல்

புன்னைக்காயலிலிருந்து தூத்துக்குடி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் வயதான கணவனும் மனைவியும், காலடியில் தகரப் பெட்டி. சீப்பைத் தேடிப் பெட்டிக்குள் கைவிட்ட அந்த அம்மாவின் கையில் ஒரு சுத்தியல் வந்தது.

"இது எதுக்கு?"

"துரு தட்டுத சுத்தியல்ளா. முப்பது வருசம் கப்பல்ல எங்கூட இருந்தது."

"மவன் ஆசையா டிக்கெட் அனுப்பியிருக்கான். பம்பாயிலருந்து கோவாவுக்குக் கப்பல்ல சுத்திப் பாக்கப் போறோம். வேலைக்கா போறோம்?"

"துருவப் பாத்தா கை சும்மா இருக்காதே."

"காக்கி நிஜாரு வேற வச்சிருக்கீங்க!"

"கப்பல்ல வெள்ளை வேட்டியோட நின்னா, கூட வேலை பாத்தவன் எவனாவது சிரிப்பான்."

"சிரிக்கட்டும். இத்தன வருசமா நீங்க கப்பலேறுவீங்க, நான் கரையில நின்னு கைகாட்டுவேன். இந்தத் தடவ எம்பக்கத்துல சும்மா நில்லுங்க. மேலருந்து ரெண்டுபேரும் கைகாட்டுவோம்."

"ஏளா, பம்பாயில நமக்கு யாரத் தெரியும், கைகாட்ட?"

நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. இறங்கவில்லை.

"எவளாவது ஒருத்தி புருசன அனுப்பிட்டுக் கரையில நிப்பா. அவளுக்குக் காட்டுவோம்."