தோளில் விழுந்த வெயில்

அன்று முட்டம் கடற்கரையில் காற்று குறைவு. வர்ணக்கட்டியால் படம் வரைகிறவனுக்குக் காற்றுதான் எதிரி, ஐயா. பொடியை அள்ளிக்கொண்டு போய்விடும்.

சீமைக்குத் திரும்பிப்போன மிஷன் துரைசானி ஒருத்தி எனக்கு ஒரு பெட்டி வர்ணக்கட்டியும் ஒரு சித்திரப் புத்தகமும் தந்தாள். அதில் ஒரு படத்தில் ஒரு குடும்பம் ஆற்றங்கரைப் புல்லில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. கிட்டே பார்த்தால் வெறும் தீற்றல். தள்ளி நின்றால் ஆளும் வெயிலும். வாழ்நாளில் அப்படி ஒன்று வரைந்தால் போதும் என்று ஏங்கிக் கிடந்தேன்.

ஈஸ்டருக்கு மறுநாள் எங்கள் சபைக் குடும்பங்கள் சோறு கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவதுண்டு. அண்ணன் ஜெபதாஸையும் அண்ணி சத்தியபாயையும் பிள்ளைகளையும் கடலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தேன். எங்கள் ஆட்களுக்குப் படம் என்றால் போட்டோதான். அசைந்தால் கெட்டுப்போகும் என்ற நினைப்பு. என் படத்துக்கு அது தேவையில்லை. ஆனாலும் நான் திருத்தவில்லை.

"சித்தப்பா வரைஞ்சு தீருத வரைக்கும் ஆரும் அனங்கப்பிடாது மக்கா" என்றாள் அண்ணி.

கடைக்குட்டி குளோரி மட்டும் ஒரு நண்டின் பின்னால் நழுவிப் போனாள். வெள்ளைக் கவுன். அலை அவளை இழுத்ததைப் பார்த்தேன். "அம்மா" என்று சத்தமும் வந்தது.

அண்ணி உதட்டை மட்டும் அசைத்தாள். "பிள்ளைக்க சத்தமில்லியா அது?"

"இஞ்சதான் நிக்கா அண்ணி. அனங்காதிங்க."

எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். ஆனால் நான் ஓடினால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அண்ணியின் தோளில் விழுந்திருந்த அந்த வெயில் பிறகு கிடைக்காது. படத்தைப் பார்த்தால் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

வரைந்து முடித்ததும் பிள்ளையைக் காணோம் என்று முதலில் கூப்பாடு போட்டவன் நான்தான். மறுநாள் வள்ளக்காரர்கள் அவளைக் கரைசேர்த்தார்கள். அடக்கத்தில் நானும் நின்று பாட்டுப் பாடினேன். அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

பிறகு படத்தை அண்ணன் வீட்டுச் சுவரில் மாட்டினேன். கடலில் இருந்த வெள்ளைத் தீற்றலை எல்லோரும் கிட்டே வந்து பார்த்து நுரை என்றார்கள். அண்ணி மட்டும் பின்னால் நடந்து நடந்து வாசற்படிவரை போனாள். அங்கே நின்று வெகுநேரம் பார்த்தாள். அதன்பிறகுதான் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினாள்.

அவளுக்கு என்மேல் என்ன வருத்தம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, ஐயா. குடும்பத்தில் ஒருவரையும் நான் விட்டுவிடவில்லை. குளோரியையும் வரைந்திருக்கிறேன், தூக்கிய கையோடு.