அமாவாசைத் தறி

உங்கள் மின்விசிறிக்கு எண்ணெய் விடச் சொல்லுங்கள், மேடம். சுற்றுக்கு ஒருமுறை 'க்ரிக்' என்கிறது. உங்களுக்குக் கேட்டிருக்காது. இந்தக் காவல் நிலையத்தில் யாருக்குமே கேட்டிருக்காது. எனக்குக் கேட்கிறது. அதைச் சொல்லத்தான் வாசல் வரை போனவன் திரும்பி வந்தேன்.

சற்றுமுன் ஏட்டிடம், "பெரியவரு காது கேக்காதவருபா, பாவம். உட்டுடுங்க" என்றீர்கள். அதுவும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு. தங்கமான மனசு உங்களுக்கு.

என் தொழில் பழைய ஸ்பீக்கர்களுக்கு உயிர் கொடுப்பது. வூஃபர் என்கிற பெரிய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சுற்றித் துணி விளிம்பு ஒன்று இருக்கும். இந்த ஊர்க்காரர்கள் நாங்கள், அதையும் பட்டுச்சேலைக்குச் சொல்வதுபோல் 'கரை' என்றுதான் சொல்வோம். கரையில் பூசிய பசை நாற்பது வருஷத்தில் காய்ந்துவிடும். காற்று கசியும், பேஸ் என்கிற அடிச்சத்தம் போய்விடும். பழையதைச் சுரண்டிவிட்டு, தின்னரில் கரைத்த புதுப் பசையை மெல்லிசாகப் பூச வேண்டும். பூசுவதை எவனும் செய்வான். கசிகிறதா என்று கேட்டுச் சொல்லத்தான் காது வேண்டும். காஞ்சிபுரத்தில் முப்பது வருஷமாக அந்தக் காது என்னுடையது.

என்னோடு வேலை செய்தவன் அர்ஜுனன், என் மனைவி காயத்ரியின் தம்பி. போன மாதம் தாமல் ஊர்க்காரர் வரதராஜன் ஒரு ஜோடி வூஃபர் கொண்டுவந்தார். இடது நான் பூசியது, வலது அவன். ஓட்டிக் காட்டினேன். வரதராஜன் இடது பக்கம் குனிந்து, "இதுல காத்து போவுதே, புஸ்ஸுன்னு சத்தம் வருதே" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இல்லாத சத்தம் எப்படிக் கேட்கும்? அர்ஜுனன் அவரை வாசலுக்கு அழைத்துப்போய்க் குசுகுசுத்தான்: "தப்பா நெனச்சிக்காதீங்க சார். மாமாவுக்குக் காது போய்க்கினு இருக்குது. இனிமே நானே கேட்டுப் பாத்துக் குடுக்கறேன்."

அதைக் கடைக்குள்ளிருந்து ஓர் எழுத்து விடாமல் கேட்டவனுக்குக் காது போய்விட்டதாம். மறுவாரத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாம் என்னிடம் கத்திப் பேசினார்கள். ஒருவர் கையால் ஜாடை காட்டினார். எனக்கு வயிறு எரிந்தது, மேடம்.

பசை காயும்வரை கரையில் தூசி படியக் கூடாது. அதனால் பின் அறையின் ஜன்னலை அடைத்து, விசிறியை நிறுத்தி, யாரும் தெரியாமல் திறந்துவிடாதபடி கதவை வெளியே தாழிடுவோம். உள்ளே இருப்பவன் தட்டினால் வெளியே இருப்பவன் திறக்க வேண்டும். அதுதான் வழக்கம். அவன் செத்த அன்று காலை, எட்டு வூஃபரோடு உள்ளே போனான். மூலையில் ஐந்து லிட்டர் தின்னர் கேன், அடியில் ஓட்டையோடு இருந்தது. எலி கடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆணியும் சுத்தியலும் வைத்திருக்கிற எலி போலிருக்கிறது. அவனுக்குத் தின்னர் நெடி ஆகாது, வீசிங் உண்டு, இன்ஹேலர் இல்லாமல் நகர மாட்டான். அன்று அது என் சட்டைப்பையில் இருந்தது. இதோ, இப்போதும் இருக்கிறது. நீங்கள் தேடவே இல்லை.

அவன் தட்டியது கேட்கவில்லையா என்று கேட்டீர்கள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் என்று நினைத்துவிட்டேன் என்றேன். எங்கள் தெருவில் எதற்கும் பொருந்துகிற பதில் அது. நீங்கள் காலண்டரைத் திருப்பினீர்கள். "அன்னிக்கி அமாவாசைங்க. எந்த வீட்டுத் தறி ஓடிச்சி?"

அமாவாசையன்று எங்கள் நெசவாளர்கள் தறியில் உட்கார மாட்டார்கள். இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவன் அதைப் போய் மறந்தேன். மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன். நீங்களோ, ஓடாத தறி கேட்கிறதென்றால் காதுக்குள் இரைச்சல்தான் என்று முடிவுகட்டிவிட்டீர்கள். காயத்ரியும் அழுதுகொண்டே, "ஆமாம்மா, தம்பி சொல்லிக்கினே இருந்தான். அவருக்கு எதுவும் கேக்கறதில்ல" என்றாள். செத்த பிறகும் அவன் பேச்சுதான் எடுபடுகிறது.

ஆக, நான் வீட்டுக்குப் போகலாம். மிச்ச காலத்தைச் செவிடனாகக் கழிக்கலாம். ரொம்ப நன்றி, மேடம். எனக்கு வேண்டாம்.

எழுதிக்கொள்ளுங்கள். அன்று தெருவே அமைதியாக இருந்தது. கதவுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு முறை தட்டினான். முதல் இருபதும் உள்ளங்கையால். அடுத்த நான்கு விரல் முட்டியால். கடைசி இரண்டைத் தட்டல் என்று சொல்ல முடியாது, நகம் மரத்தில் உரசியது. பிறகு ஒரே ஒரு தடவை "மாமா" என்றான். குரலே இல்லை, வெறும் காற்று.

அதுவும் எனக்குக் கேட்டது. எனக்கா காது போய்விட்டது?