சீட்டுல இருக்கற பேரு

— மறுபடியுமா? வாசல்ல ஒருத்தன் சீட்டப் பாத்தான், பெட்டி போடற எடத்துல ஒருத்தி பாத்தா, இப்ப இவனும் பாத்துப்போட்டான். ஊருக்குப் பொறப்பட்ட மனுசன எத்தன பேரு எங்க போறே, எங்க போறேன்னு கேக்கறது? சகுனமே செரியில்ல. கருப்பாத்தா, திரும்பு, ஊட்டுக்குப் போலாம்.

— ஏனுங்க, சத்தம் போடாதீங்க. புனே ப்ளைட்டுக்கு முக்கா மணி நேரந்தான் இருக்குது. மக ஆஸ்பத்திரில படுத்திருக்கறா, நாளைக்கு ஆப்பரேசன் பண்ணிக் கொழந்தைய எடுக்கறாங்க. இப்பப் போயி சகுனம் பாக்கறீங்க.

— அந்தப் புள்ள அந்த ஆரிஃபுப் பையனக் கட்டறப்ப நம்மளக் கேட்டுட்டா கட்டுச்சு?

— அஞ்சு வருசமா இதே பேச்சு. பெத்த மக பேரு உங்க வாயில வரமாட்டீங்குது. அந்தப் புள்ள, அந்தப் புள்ள! எனக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. நீங்க வராம நான் எப்பிடிப் போவேன்? வாங்க சாமி.

— செரி, செரி. இந்தா உஞ்சீட்டு. பொம்பளைங்க வரிசை அந்தப் பக்கம். இன்னொருத்தன் எங்க போறேன்னு கேக்கட்டும், நான் திரும்பிப் போயிருவேன், பாத்துக்க.

— செக்யூரிட்டி செக்கிங், கையத் தூக்குங்கம்மா. போர்டிங் பாஸ்?

— இந்தாங்க அம்மணி.

— இதுல ஆம்பளை பேரு போட்டிருக்கே. உங்களுது எங்கம்மா?

— அய்யய்யோ, பாக்காமயே மாத்திக் குடுத்துப்போட்டாருங்க! ஆதாரு கார்டு மொதக்கொண்டு எல்லாமே அவுரு சட்டைப்பையிலதானுங்க. என்ற சீட்டு அவுருகிட்ட இருக்கும்.

— அவரு பேரு என்ன?

— அதுலயே போட்டிருக்குதுங்களே.

— நீங்க சொல்லணும்மா. கீழ கெடந்த பாஸ எடுத்துட்டு வந்திருந்தா?

— மேக்னா அப்பனுங்க. ஊருல ஆரு கேட்டாலும் அப்பிடித்தானுங்க சொல்லுவேன்.

— பாஸ்ல மேக்னா அப்பான்னு போடலம்மா.

— கட்டிக்கிட்டு முப்பத்திரெண்டு வருசமாச்சுங்க. ஒருநாளும் அவுரு பேரச் சொன்னதில்ல. சொன்னா ஆயுசு கொறையும்பாங்க எங்க பக்கம்.

— பின்னாடி இருபது பேரு நிக்கிறாங்க. பேரச் சொல்லுங்க, இல்ல ஓரமா நில்லுங்க.

— அம்மணி, அங்க பாருங்க! அங்கயும் ஆரோ எங்க போறீங்கன்னு கேட்டுப்போட்டாங்க, அவுரு திரும்பி நடக்கறாரு. ஏனுங்க! ஏனுங்கோவ்! அய்யோ, ஏனுங்கன்னா இங்க பாதிப்பேரு திரும்பறாங்க, அவுரு மட்டும் போறாரே... தம்பிதுரை! ஏனுங்க தம்பிதுரை, நில்லுங்க!

— ஆரு... கருப்பாத்தா, நீயா எம்பேரச் சொன்னே?

— நாந்தானுங்க. வார பாவம் எனக்கு வரட்டும். எனக்கு இப்ப எம்மகளப் பாக்கோணும்.

— சார், அங்கயே நிக்காதீங்க. ரெண்டு பாஸையும் காட்டுங்க. எங்க போறீங்க?

— புனேவுக்குங்க மேடம். எம்பொண்ணு... மேக்னாவுக்குப் பிரசவமுங்க.