ஆறாவது பாட்டு கிழிகிறது

அந்த ஆல்பத்தில் எனக்கு நான்கு பாட்டு பிடிக்கும், மேடம். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெபின் சென்னையில் பேர் வாங்கிய ராக் குழுவில் கிதார் வாசித்தவர். குழுவை விட்டு ராஜபாளையம் திரும்பி, நான் வேலை பார்க்கும் மில்லின் பழைய குடோனில் இடம் பிடித்து, தனியாக ஓர் ஆல்பம் போட்டார். பெயர் ‘சுண்ணாம்பு’. அதிகம் பேர் கேட்கவில்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் துணிச்சல் என்றார்கள், பாதிப் பேர் காது வலிக்கிறது என்றார்கள். நான் இணையத்தில் சொந்தப் பெயரிலேயே எழுதினேன்: ‘ஆறாவது பாட்டு கிழிகிறது. கீச்சுச் சத்தம் தேவைக்கு மேல் ஏறிக் கிடக்கிறது.’ நான் பி.எஸ்சி. இயற்பியல். எங்கள் வீட்டின் முதல் பட்டம். தெரியாததை எழுத மாட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வடக்கு ரத வீதியில் ஒரு மாடியில் மாதம் ஒருமுறை பாட்டுக் கேட்கக் கூடுவோம். அங்கே நான் எழுதியதை ஜெபின் உரக்க வாசித்தார்.

“ஏட்டி மாரிக்கனி, ஒங்கய்யா என்ன வேல பாக்காரு?”

“நாய் வளக்காரு.”

“அதான பாத்தேன். நாய்க் காதுல கேட்டா எல்லாம் கீச்சுன்னுதான் கேக்கும்.”

நாற்பது பேர் சிரித்தார்கள். கூட்டம் நடத்தும் ஹரிப்ரசாத், “சின்னப் பொண்ணு, விடுங்க” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அய்யா வளர்ப்பது ராஜபாளையம் நாய்கள். வெள்ளைக் குட்டிகளில் சிலது செவிடாகப் பிறக்கும். பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்ப்பார். மூன்று தடவை. திரும்பாத குட்டியைச் சாக்கில் போட்டுக் கண்மாய்க்குக் கொண்டுபோவார். “வச்சிருந்தா அதுக்குத்தான் கஷ்டம்” என்பார். ஒருநாளும் கோபமாகச் செய்ததில்லை.

மறுவாரம் குடோனில் ஜெபின் குனிந்து கிதாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார். பின்னால் நின்று, எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினேன். திரும்பவில்லை. மரக் கதவைக் குத்தினேன், திரும்பினார். கனத்த சத்தம் அவருக்குக் கேட்டது, கீச்சுதான் செத்துப்போயிருந்தது. வருஷக்கணக்காக ஸ்பீக்கர் முன்னால் நின்ற காது. தனக்குக் கேட்கிறவரை கீச்சை ஏற்றியிருக்கிறார். அது அவருக்கே தெரியாது.

ஹரிப்ரசாத்திடம் சொன்னேன். “ஒனக்கு அவர் மேல காண்டு” என்றார். ஆக, நிரூபிக்க வேண்டியிருந்தது.

பஞ்சு லாரி ரிவர்ஸில் வரும்போது பீப் பீப் என்று கத்துமே, ஆறாவது பாட்டின் கீச்சும் ஏறக்குறைய அதே சுருதிதான். மில் இரைச்சலில் இன்ஜின் சத்தம் அமுங்கிவிடும். பீப் மட்டும் தனியாகக் கேட்கும். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு லாரி வரும்.

“நான் எழுதுனது தப்புண்ணே. மன்னிப்புக் கேட்டு வீடியோ போடுதேன். நீங்களும் கூட நில்லுங்க” என்று ஜெபினிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். லாரி வரும் தடத்தில், அது வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்தேன்.

“நல்லாப் புடி. பின்னால மில்லு தெரியணும்” என்றார்.

தெரிந்தது. லாரியும் தெரிந்தது.

கையை நீட்டிச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம்தான். இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தேன், ஆடக் கூடாதே. அவர் கடைசி வரை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். டிரைவர் பால்சாமி மேல் தப்பில்லை. அவரை விட்டுவிடுங்கள்.

ஜெபின் செத்ததற்கு நான்தான் காரணம் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆறாவது பாட்டைப் பற்றி நான் எழுதியது சரி என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். வீடியோவில் பீப் தெளிவாக இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். பதினேழு.

எங்கள் அய்யா மூன்றுக்கு மேல் தட்டிப் பார்த்ததே இல்லை, மேடம். நான் பதினேழு கொடுத்தேன்.