பதினொண்ணு அண்ணன் எடுத்த கதவு

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, இன்று ஒருநாள் கேமரா இல்லாமல் வந்திருக்கும் செய்திப்படக்காரர் சங்கத்துத் தோழர்களே, மூன்றாவது வரிசையில் இருக்கும் தையல் ஆலைச் சகோதரிகளே, வணக்கம்.

நம் சங்கத் தலைவர், ஒளிப்படச் செம்மல், நம் 'பதினொண்ணு' அண்ணன் மறைந்துவிட்டார். அந்தப் பெயர் எப்படி வந்தது? லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்தால் ஒரு முகம் மட்டும் தெளியும். பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். ஒரேயடியாகச் சுருக்கினால் முன்னும் பின்னும் பிடிபடும். ஆனால் மொத்தப் படமும் கூர்மை இழக்கும். நடுவே, எஃப் பதினொன்று என்ற அளவில் நில் என்பார். பின்னால் நிற்பவரும் செய்திதான் என்பார். வெள்ளத்தின்போது படகில் வந்து கையசைத்த அமைச்சரை எடுத்தார். பின்னால் கூரைமேல் தவித்த குடும்பமும் அதே தெளிவோடு படத்தில் இருந்தது. மறுநாளே அவர்களுக்குப் படகு போனது. அப்படிப்பட்ட மனிதர் அவர்!

போன வருடம் தையல் ஆலை தீப்பிடித்தபோது அண்ணனும் நானும் படமெடுக்க ஓடினோம். "நீ முன்வாசலைப் பாரும்மா, பின்பக்கம் நான் பாத்துக்கறேன்" என்றார். புகையில் நான் மாட்டக் கூடாதென்ற அக்கறை என்று நினைத்தேன்.

பின்கதவு பூட்டியிருந்தது என்றார்கள் தப்பியவர்கள். திறந்திருந்தது என்றார் முதலாளி. விசாரணை தொடங்குமுன் கதவே காணாமல் போனது. மிஞ்சியது அண்ணனின் படம் மட்டும். அதில் அழும் பெண்ணின் இமைமுடி ஒவ்வொன்றும் தெரிந்தது. பின்னாலிருந்த கதவு வெறும் சாம்பல் கறை. உச்சிவெயிலில் வெளிச்சத்துக்கு என்ன பஞ்சம்? எதற்காகத் துவாரத்தை அகலத் திறந்தார்? நாம் கேட்கவில்லை. பரிசு கிடைத்தது, கைதட்டினோம்.

தங்கையைப் பறிகொடுத்த அந்தப் பெண்தான் என்னிடம் கேட்டார்: "என் மூஞ்சி எனக்குத் தெரியும்க்கா. அந்தப் பூட்டை ஏன் காட்டல?"

போன வாரம் மருத்துவமனையில் அந்தக் கேள்வியை அண்ணனிடம் வைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"பூட்டு இருந்துச்சும்மா. பாத்துட்டுத்தான் அப்படி எடுத்தேன். என் பொண்ணு அந்த வீட்லதான வாழணும்."

ஆலை முதலாளி அண்ணனின் சம்பந்தி. இதோ, மேடையில்தான் இருக்கிறார்.

அண்ணி, பொறுத்துக்கொள்ளுங்கள். இதை வேறெங்காவது சொன்னால் முதுகுக்குப் பின்னால் பேசியதாகும். அண்ணனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மன்னிக்க மனசும் வரவில்லை. அவரை நம்பித்தானே நான் முன்வாசலுக்குப் போனேன்?

அவர் பணியைத் தொடர்வோம் என்றார்கள் எனக்கு முன் பேசியவர்கள். எந்தப் பணியை? திங்கட்கிழமை நான் விசாரணைக்குப் போகிறேன். அவர் சொன்னதைச் சொன்னபடியே சொல்வேன். உடன் வருபவர்கள் காலையில் சங்க வாசலுக்கு வாருங்கள்.

இப்போது எழுந்து நிற்போம். முதலில், அந்தக் கதவைத் தட்டியவர்களுக்காக. அண்ணனுக்கு அதன் பிறகு.