பெரியவர் பின்வாங்கும் காட்சி

2025 ஜனவரி 28, செவ்வாய்.

இன்று மாலை வகுப்பில் ஒரு சிறு பிழை விட்டேன். மயிலுக்குரிய வயரை யானைப் பொத்தானில் பொருத்திவிட்டேன். படிப்பிக்கும் மயில்வாகனம் சேர் வந்து யானையைத் தொட்டார். அது மயில்போல அகவியது. "என்னை வைச்சுப் பகிடியோ?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். பிழை விட்டால் அன்றைக்கே எழுதிவைப்பது என் பழக்கம். ஆகவே மற்றதையும் எழுதிவிடுகிறேன்.

புதுக்குடியிருப்பில் நடக்கும் எங்கள் வகுப்பு, வன்னியின் மரபறிவைத் தொட்டால் பேசும் கண்காட்சியாகச் செய்கிறது. கொக்கிளாய் மீனவர்கள் காற்றுப் பார்க்கும் விதத்தை ஒருத்தி எடுத்துக்கொண்டாள். எனக்குக் கிடைத்தது, வயலுக்கு வரும் யானையை விரட்டும் காவல் கொட்டில். பார்வையாளர் அதில் ஏறி நின்று, வயல்காரர் கூப்பிடுவதுபோலக் கூப்பிட வேண்டும். சரியாகக் கூப்பிட்டால் திரையில் யானை திரும்பிப் போகும். இணையத்தில் கிடைத்த யானை ஒன்றைப் போட்டேன். என்னோடு வேலை செய்யும் சுரேகா பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஜனகன், நெத்தியில பட்டுக் கட்டியிருக்கடா. இது வயலுக்கு வந்ததோ, திருவிழாவுக்கு வந்ததோ?"

அவள் கேட்டது நியாயம். உண்மையான யானை வேண்டும்.

முள்ளியவளைக்கு அப்பால் காட்டோரம் வயல் செய்யும் வீரையா ஐயாவிடம் போனேன். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வயலில் நிற்கும்போது அவர் யானை என்று சொல்லமாட்டார், பெரியவர் என்பார். கலைப்பதும் மரியாதையாகத்தான்.

"பெரியவரே, காடு உங்கட, வயல் எங்கட. நான் பிள்ளைகுட்டிக்காரன். போட்டு வாங்கோ," என்று கூப்பிட்டுக் காட்டினார்.

"போட்டு வாங்கோவெண்டா திரும்பி வந்திடுவார் எல்லோ, ஐயா?"

"வெறுமனே போங்கோ எண்டா நல்லாயிருக்குமோ, தம்பி? ஆனா இப்ப ஆர் வாறார்? மின்வேலி போட்ட நாள் துவக்கம் அந்த மூலையில நிண்டு பாத்திட்டுப் போயிடுறார். எனக்கும் நல்ல நித்திரை."

"பொழுதுபட நான்தான் சுவிச்சைப் போடுறனான்," என்றார் அவர் மனைவி வீரம்மா, குசினியிலிருந்து. "இவரை நம்பினா பெரியவர் அடுப்படிக்கும் வந்திடுவார்."

இது என் காட்சிப்பொருளுக்குப் பெரிய இடைஞ்சல். அறிவு இருக்கிறது, அதற்கு வேலை இல்லை. ஒழுங்காக யோசித்துப் பார்த்தேன். வேலி இருக்கும்வரை யானை கிட்ட வராது. யானை வராவிட்டால் வீரையா ஐயாவின் அறிவு யாருக்கும் தெரியாமலே போய்விடும். அவருக்கு நான் செய்யக்கூடிய மரியாதை ஒன்றுதான் இருந்தது.

சென்ற வியாழன் பொழுதுபடும் நேரம் வீரம்மா சுவிச்சைப் போட்டுவிட்டு, எனக்குத் தேத்தண்ணி வைக்கப் போனார். நான் சுவிச்சை நிறுத்தினேன்.

வெளிச்சம் மங்குமுன் பெரியவர் வந்தார். நான் கமராவை ஓடவிட்டேன். வீரையா ஐயா வேலியை நம்பிக் கொட்டிலிலிருந்து இறங்கிக் கம்பிக்குக் கிட்டப் போனார்.

"முகம் விழுதோ, தம்பி?"

"நல்லா விழுது, ஐயா. இன்னும் ரெண்டடி."

அவர் கூப்பிட்டார். பெரியவர் நின்றார், ஓரடி பின்வாங்கவும் செய்தார். மிக நல்ல காட்சி. பிறகு மனம் மாறி முன்னே வந்து, தும்பிக்கையை நீட்டிக் கம்பியைத் தொட்டார். இப்போது துள்ளி ஓடுவார் என்று வீரையா ஐயா சிரித்தார். வேலி நின்றுபோயிருக்கிறது என்று நான் அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் ஓடுவார். ஓடினால் படம் குலையும். அதோடு, பதிவில் எடுப்பவரின் குரல் விழக்கூடாது என்பது எங்கள் இரண்டாவது பாடம்.

கமரா ஆடவே இல்லை.

வீரையா ஐயாவின் செத்தவீட்டில் எல்லோரும் சுவிச்சைப் பற்றித்தான் கதைத்தார்கள். அது நிறுத்தியபடியே இருந்ததை அயலவர்கள் கண்டிருந்தார்கள். யானை பின்வாங்கியதும் நான் கமராவை மூடிவிட்டேன், பிறகுதான் அது திரும்பி வந்தது என்று சொன்னேன். வீரம்மா தலையில் அடித்துக்கொண்டு, "நான்தான் போட மறந்தனான், நான்தான் அவரைக் கொன்றனான்," என்று அழுதார். போட்ட ஞாபகம் அவருக்கு இருந்தது. இப்போது அதை அவரே நம்புவதில்லை. மகன் சுதாகரன் தாயின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டான். நான் பக்கத்தில் போய் இருந்து, "மறதி ஆருக்கும் வரும், அம்மா," என்றேன்.

"நீ ஒருத்தன்தான் என்னோட கதைக்கிறாய், தம்பி," என்று கையைப் பிடித்துக்கொண்டார். உண்மைதான். என்னால் ஆனது அவ்வளவுதான்.

என் பக்கம் பிழை உண்டா என்று பலமுறை யோசித்தேன். ஒன்று உண்டு. சுவிச்சைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். போட்டிருந்தால் வேலி பழுது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்; வீரம்மாவுக்கு இந்தக் கவலை வந்திராது. இனி இப்படிக் கவனக்குறைவாக இருக்கக்கூடாது.

இன்று சுரேகாவுக்குப் பின்வாங்கும் இடம் வரைக்கும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "இது உண்மையான யானைதான்," என்றாள். கொட்டிலின் முகப்பில் வீரையா ஐயாவின் பெயரைப் போட மயில்வாகனம் சேர் சம்மதித்தார்.

நாளை திறப்பு. அதற்கு முன் செய்யவேண்டியவை: பெரியவர் ஓரடி பின்வாங்கும் இடத்தோடு படத்தை வெட்டி, மிச்சத்தை அழிப்பது. யானைப் பொத்தானின் வயரைச் சரிபார்ப்பது. காலையில் முள்ளியவளைக்குப் போய் வீரம்மாவைக் கூட்டிவருவது. கொட்டிலின் சுவிச்சை முதலில் அவர்தான் போடவேண்டும். மறந்துவிடாமல் இருக்க, நான் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்டவேண்டும்.