நன்றி சொல்லி வாங்கிய கட்டில்

மாலை ஐந்தரை மணி. நவம்பர்... அந்த நேரத்துக்கே கண் தெரியாத இருட்டு.

கப்பல் கட்டும் தளத்து வாசலிலிருந்து புதுக் குடியிருப்புக்குப் போகிற சாலை இருக்கிறதே, அதில்தான். இப்போது பேருந்து ஓடுகிறது, கடை இருக்கிறது. அன்றைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றும் கிடையாது. ஒரு பக்கம் அறுத்த சோளக்கொல்லை, மறுபக்கம் சேறு, சேற்றுக்கு அப்பால் டான்யூப் ஆறு. கம்பங்கள் நட்டிருந்தார்கள். விளக்கு மாட்டவில்லை.

அந்தச் சாலையில் இலிங்கா தனியாக வந்துகொண்டிருந்தாள். கக்கத்தில் ரொட்டி.

இலிங்கா என் தோழி சபீனாவின் தங்கை. சபீனா பொய் சொல்கிறவள் இல்லை. தங்கை சொன்னதைத்தான் என்னிடம் சொன்னாள், நான் உங்களிடம் சொல்கிறேன். எப்படியும் விடியும்வரை இந்தப் பிணத்தின் பக்கத்தில் தூங்காமல் உட்கார வேண்டும்... மெழுகுவர்த்தியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னால் சத்தம். சேற்றிலிருந்து காலைப் பிடுங்குகிற சத்தம். ப்ளக்... ப்ளக்... அவள் நின்றால் அதுவும் நின்றது.

"ஓடாத பொண்ணே. மூணாவது மாடிக்குப் புதுசா வந்திருக்கிறது நீதானே? நான் கீழ் வீடு. வெத்தா."

ஐம்பத்தைந்து வயது இருக்கும். தலையில் கறுப்புத் துணி. கூடவே நடந்தாள். அப்புறம் கேட்டாள்.

"உன் புருஷனுக்கு என்ன வயசு?"

"இருபத்தி நாலு, அத்தை."

"உசரம்?"

"என்னைவிட ஒரு தலை உசரம். எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். கட்டில் இருக்கா உங்ககிட்ட?"

இல்லை. கட்டில் இல்லை, மேசை இல்லை, ஒன்றும் இல்லை. கல்யாணமாகி இரண்டு வருடம் அவன் ஆண்கள் விடுதியில், அவள் பெண்கள் விடுதியில். ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் பார்த்துக்கொள்வார்கள். வடக்கிலிருந்து பதினான்கு மணி நேரம் ரயிலில் வந்து, இந்தத் துர்னு செவெரின் ஊரில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் வீட்டுச் சாவி கிடைத்தது. சாவிதான் கிடைத்தது. கட்டிலுக்குக் கடையில் பெயர் எழுதிவைத்து ஒரு வருடம் காத்திருக்கச் சொன்னார்கள். தரையில் செய்தித்தாள் விரித்து, மேல்கோட்டைப் போர்த்திப் படுத்தார்கள்.

அவள் புருஷன் திபி அதையும் வேடிக்கையாக்கினான். "என் சபைக்காரியே, உனக்குப் படிக்கத் தாள், படுக்கவும் தாள். ராணி மாதிரி வெச்சிருக்கேன் பார்."

சபைக்காரி என்று ஏன் சொன்னான் தெரியுமா? அவள் பெந்தெகொஸ்தே வீட்டுப் பெண். சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டாள் என்று அப்பா வாசல் கதவைச் சாத்திவிட்டார். அவன் வீட்டிலும் ஏற்கெனவே எட்டுப் பேர், இரண்டு அறை. அதனால் இந்தக் காலி வீட்டை விட்டால் அவர்களுக்கு உலகத்தில் வேறு கூரை கிடையாது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை. திபி வேலைக்குப் போயிருந்தான். கதவு தட்டப்பட்டது.

வெத்தா நின்றாள். அவளுக்குப் பின்னால் மாடிப்படியில் இரண்டு ஆட்கள், ஒரு இரும்புக் கட்டில். மெத்தை, வெள்ளைத் துப்பட்டி, கம்பளி, தலையணை, எல்லாம் விரித்தபடியே. மேலே ஒரு தட்டு, கரண்டி. வெத்தாவின் கையில் எரிகிற மெழுகுவர்த்தி.

"என் மகன் ரேமுஸ். இன்னைக்கு நாப்பதாம் நாள். அவன் பேர்ல தரேன். வாங்கிக்கோ."

இங்கே உட்கார்ந்திருக்கிற நம் ரோதிகா சின்னவள், அவளுக்காகச் சொல்கிறேன். செத்தவர் பேரில் கொடுப்பதை வாங்குகிறவர் நன்றி சொல்லக் கூடாது. 'கடவுள் அவரை மன்னிக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் பொருள் அங்கே போய்ச் சேரும். நாம் இங்கே படுத்தால் அவர் அங்கே படுப்பார். சொல்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் இல்லை. அங்கே நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

இலிங்காவுக்கு இது தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை. செத்தவர்களுக்குக் கொடுப்பது பாவம் என்று சொல்லி வளர்த்த பிள்ளை. ஆனால் கட்டிலை விடவும் மனசில்லை. இடுப்பு வலி அப்படி.

"ரொம்ப நன்றி அத்தை."

வெத்தா அசையவில்லை. மெழுகு அவள் விரலில் சொட்டியது.

"அப்படிச் சொல்லக் கூடாது."

"எங்க வீட்ல குடுக்கறவங்களுக்குத்தான் நன்றி சொல்வோம்."

"குடுக்கறது நான் இல்லை பொண்ணே."

"அப்படின்னா எடுத்துட்டுப் போயிடுங்க."

"குடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது." வெத்தா மெழுகுவர்த்தியைத் தரையில் வைத்தாள். "உனக்கே தெரியும்." படியிறங்கிப் போய்விட்டாள்.

அந்தக் காலத்தில் ஆறு மணிக்கு மின்சாரம் போனால் ஒன்பதுக்குத்தான் வரும். குளிரில் என்ன செய்வது... ஏழு மணிக்கே படுத்தார்கள். சுவர்ப் பக்கம் திபி. அவன் படுத்தபோது கட்டில் கிறீச் என்றது. இவள் படுத்தாள். கிறீச். இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

கொஞ்சம் கழித்து... கிறீச்.

"நீ புரண்டியா?"

"இல்லையே. பழைய கம்பி, மெதுவாத்தான் சிரிக்கும்," என்றான் திபி.

மறுநாளும் மூன்று. அதற்கு மறுநாளும் மூன்று. எப்போதும் இவர்கள் இருவரும் அசையாமல் ஆன பிறகுதான்.

பத்து நாள் போயிருக்கும். இருட்டில் திபி சொன்னான், "கொஞ்சம் தள்ளிப் படேன். சுவர்ல ஒட்டிக்கிட்டு இருக்கேன்."

"நான் தள்ளறதா? இன்னும் ஒரு விரல் தள்ளினா தரையில விழுவேன்."

இவள் கையை நீட்டி நடுவில் தடவிப் பார்த்தாள்... துப்பட்டி சில்லென்று இருந்தது. ஈரமில்லை. ஆனால் கையை எடுத்து முகர்ந்தால் ஆற்றுச் சேறும் டீசலும் கலந்த வாடை. கம்பளி இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவே இழுபட்டுக்கொண்டே போனது. விடியும்போது இவளுக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. நடுவில் குவிந்து கிடந்தது, ஒரு ஆள் சுருண்டு படுத்த அளவுக்கு.

தரைக்கு மாறினார்கள். கம்பளியை எடுத்துக்கொண்டு படுத்தார்கள். காலையில் கம்பளி கட்டிலில் இருந்தது.

மூன்று வாரம் தூக்கமில்லை. தான் வேலை பார்க்கிற உணவுக்கூடத்தில் கொதிக்கிற சூப்பை இலிங்கா கையில் ஊற்றிக்கொண்டாள். திபி உயரத்தில் சாரத்தின் மேல் நின்று வேலை செய்கிறவன்... ஒரு நாள் நின்றபடியே கண் சொக்கிவிட்டது. பக்கத்து ஆள் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அன்றைக்கு ராத்திரி திபி முதல் தடவையாக வேடிக்கை இல்லாமல் பேசினான்.

"சாவியைத் திருப்பிக் குடுத்துடலாமா?"

"குடுத்துட்டு? நீ உன் விடுதிக்கு, நான் என் விடுதிக்கா? மறுபடியும் ஞாயித்துக்கிழமை பூங்காவா?"

கட்டுப்போட்ட கையோடு கீழே இறங்கினாள். வெத்தா கதவைத் திறந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. பார்லி காபியை ஊற்றி முன்னால் வைத்தாள்.

"மூணு பேருக்கும் இடம் பத்துதா?"

இலிங்காவின் பல் கோப்பையில் இடித்தது.

"அத்தை, அந்த வார்த்தையை இப்பச் சொல்லிடறேன். நான் செஞ்சது தப்பு."

"நாப்பது முடிஞ்சு போச்சு பொண்ணே. இப்ப அந்தக் கட்டில் உன்னோடது, வெளியில தூக்கிப் போட்டாலும் அவன் உன் வீட்டுக்குத்தான் வருவான். அவன் ராத்திரியில ஆத்துல இறங்கினவன்..." அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த வருடங்களில் அக்கரை நாட்டுக்கு நீந்தப் பார்த்தவர்கள் எத்தனை பேர், கரை சேராதவர்கள் எத்தனை பேர் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். "உடம்புகூடக் கிடைக்கலை. பெட்டியில அவன் சட்டையைத்தான் வெச்சுப் புதைச்சேன். ஒரு படுக்கையாவது போய்ச் சேரட்டும்னு குடுத்தேன். நீ எடுத்துக்கிட்ட."

"என்ன செய்யணும் சொல்லுங்க. எதுன்னாலும் செய்யறேன்."

"நீ குடு. அவன் பேர்ல, உன் கையால. ஆம்பளையா இருக்கணும், அவன் வயசா, இருபத்தி நாலா இருக்கணும். அவன் வாயால அந்த வார்த்தையைச் சொல்லணும்."

"அவ்ளோதானா?"

வெத்தா இவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அவ்ளோதான்."

ஆனால் யார் வாங்குவார்கள்? தளத்தில் பளு தூக்கும் எந்திரம் ஓட்டுகிற பையன் ஒருவனைக் கேட்டாள். "ஆத்துல போனவன் கட்டிலா? எங்கம்மாவுக்கு நான் வேணும், போ." காவல்காரர் மருமகனைக் கேட்டாள். அவன் கும்பிட்டுவிட்டு நகர்ந்தான். எட்டுப் பேரைக் கேட்டாள். எட்டுப் பேரும் உள்ளூர். வெத்தா ஏன் தங்களைத் தேடி வந்தாள் என்று அப்போதுதான் இலிங்காவுக்குப் புரிந்தது.

"என்கிட்ட குடேன்," என்றான் திபி.

"விளையாடாத."

"விளையாடலை. வயசு இருபத்தி நாலு. ஆம்பளை... நீயே சாட்சி. எங்க ஊர்ல நான் எத்தனை பேருக்காக அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் வயிறு ரொம்பினதுதான் மிச்சம். ஒண்ணும் ஆகலை."

"வேண்டாம் திபி."

"எனக்குத் தூங்கணும் இலிங்கா." கண்ணைக் கசக்கினான். "ஒரு ராத்திரி... தூங்கினாப் போதும்."

அவளுக்கும்தான். அதனால்தான் சம்மதித்தாள். சபீனாவிடம் இந்த இடத்தைச் சொல்லும்போது அவள் தன் கையைத் தானே கிள்ளிக்கொண்டே சொன்னாளாம்.

கட்டிலைப் பிரித்து மாடிப்படிக்குக் கொண்டுவந்து பூட்டினார்கள். துப்பட்டி விரித்தாள், கம்பளி, தலையணை, தட்டு, கரண்டி. மெழுகுவர்த்தி ஏற்றினாள். எதிர்வீட்டுக் கதவின் பார்வைத் துளை இருண்டது, யாரோ கண் வைத்தார்கள். அவன் படியில் நின்றான், இவள் வாசலுக்கு உள்ளே.

"ரேமுஸ் பேர்ல தரேன். வாங்கிக்கோ."

திபி தொப்பியைக் கழற்றினான். "கடவுள் அவரை மன்னிக்கட்டும்."

ஒன்றும் நடக்கவில்லை. மெழுகுவர்த்திகூட ஆடவில்லை. கீழே எங்கோ ஒரு தாழ்ப்பாள் மெல்லத் திறந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அன்றிரவு படுத்தார்கள். கிறீச். கிறீச். இலிங்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நூறுவரை எண்ணினாள்... இருநூறுவரை... வரவில்லை. நடுவில் தடவினாள். கதகதப்பாக அவன் முதுகு. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழுதபடியே தூங்கிப்போனாள்.

விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. அவன் கட்டில் ஓரத்தில் இவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். அவன் அப்படிப் போடுகிறவன் இல்லை.

"திபி, வேலைக்கு நேரமாகலை?"

திரும்பினான். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். மரியாதையான சிரிப்பு.

"மன்னிச்சுக்குங்க. அசந்து தூங்கிட்டேன் போல. உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேன்."

"காலங்காத்தால ஆரம்பிச்சுட்டியா? போய்ப் பால் வாங்கிட்டு வா."

"இல்லைங்க, நான் கிளம்பறேன். நீங்க எழுந்திருக்காதீங்க."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான். அடுத்தவர் வீட்டில் சத்தம் போடக் கூடாது என்று நடப்போமே, அப்படி... விரல் நுனியில் நடந்து, கதவை ஓசையில்லாமல் சாத்திக்கொண்டு போனான். இலிங்கா சிரித்துக்கொண்டே படுத்திருந்தாள். வெகு நேரம். திரும்பி வந்து 'ஏமாந்தியா' என்பான் என்று.

அப்புறம் வெறுங்காலோடு ஓடினாள்.

கீழ் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே வெங்காயம் வதங்குகிற வாசனை. நாற்காலி இழுபடும் சத்தம். வெத்தா ஏதோ சொல்ல, ஒரு ஆண் குரல் சிரித்தது. திபியின் குரல்தான். பேச்சுதான் இந்த ஊர்ப் பேச்சு. வடக்குத்திக்காரன் எத்தனை வருடம் இருந்தாலும் அந்த இழுப்பு வராது.

இவள் இரண்டு கையாலும் கதவை அறைந்தாள்.

உள்ளே கரண்டி நின்றது.

"யாரும்மா அது?"

"மேல் வீட்டுப் பொண்ணுடா," என்றாள் வெத்தா. "ஊருக்குப் புதுசு. தனியாத்தான் இருக்கா, பாவம். நீ சாப்பிடு."